அறுத்த கட்டியை எறிந்துவிடாதீர்கள்

ஆசிரியருக்கு,

கொல்லிமலையில் அன்னாசிக் காட்டிலும் மிளகுத் தோட்டத்திலும் வேலை செய்பவர்களுக்கு முள் குத்துவது ஒரு செய்தியே அல்ல. பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஆனால் முள்ளோடும் மரச் சிராயோடும் மண்ணிலுள்ள பூஞ்சையும் தோலுக்கு அடியில் போய்விடலாம். மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், வலியே இல்லாத கட்டியாக அது வளரும். கொழுப்புக்கட்டி என்று விட்டுவிடுவது எளிது.

இதற்கு நெருங்கிய உறவான 'மதுரா ஃபுட்' நோயை 1842-இல் மதுரையில்தான் கில் என்ற மருத்துவர் பதிவு செய்தார். பாதம் வீங்கி, புரையோடி, சீழோடு குருணை குருணையாக வெளிவரும். அது பூஞ்சையாலும் வரும், பாக்டீரியாவாலும் வரும். பின்னதற்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் போதும்; முன்னதற்கு இட்ராகோனசோல் போன்ற மாத்திரை, பல நேரம் அறுவையும் தேவை. எது என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் மாதங்கள் வீண். மதுரை பெயரைச் சுமக்கும் இந்த நோய், புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தால் சேர்க்கப்பட்டதே 2016-இல்தான்!

அதனால், அறுத்தெடுத்த கட்டியைக் கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஒரு துண்டு ஃபார்மலினில், இன்னொரு துண்டு சலைனில். ஃபார்மலினில் பூஞ்சை செத்துவிடும், பிறகு ஆய்வகத்தில் அதை வளர்த்துப் பார்க்க முடியாது. மாதிரிகளை மலையிலிருந்து கீழே ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்ல சுகாதாரத் துறை வண்டி ஏற்பாடு செய்தால், மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நோயாளி அலைய வேண்டியதில்லை.

வாசகர்,
செம்மேடு, கொல்லிமலை