கூரை மட்டும் கண்டியானால் போதுமா?

கண்டியில் பின்னேர மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலதா வீதியில் அது கொட்டத் தொடங்கும்போது சனம் எங்கே ஓடி ஒதுங்குகிறது என்று பார்த்தால், அந்தத் தெருக் கட்டடங்களுக்கு எத்தனை புள்ளி கொடுக்கலாம் என்பது விளங்கிவிடும். மாடி முன்தள்ளி நிற்கும் பழைய கடைகளின் கீழே பாடசாலைப் பிள்ளைகளும் லொத்தர் விற்பவரும் மரக்கறிப் பையோடு வந்த அம்மாமாரும் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். முகப்பு முழுக்கக் கண்ணாடியும் அலுமினியத் தகடும் போர்த்திய புதிய கடையின் முன்னால் ஒருவரும் நிற்பதில்லை. நிற்க இடமில்லை.

1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய நகரம் இது. மரபுரிமை என்றதும் தலதா மாளிகையும் வாவியும் தேவாலயங்களும்தான் கண்முன் வருகின்றன, கடைத்தெருக்கள் வருவதில்லை. ஆனால் நகரத்தவர் அன்றாடம் புழங்குவது அவற்றில்தான். வார்ட் வீதி தலதா வீதியானது. திருகோணமலை வீதி டி.எஸ். சேனாநாயக்க வீதியானது. பெயர்கள் மாறினாலும் தெருக்களின் அகலம் பெரிதாக மாறவில்லை. முகப்பு குறுகி, உள்ளே நீண்டு போகும் காணிகளில்தான் புடவைக்கடையும் நகைக்கடையும் பலசரக்குக் கடையும் இன்றும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

இப்படிப்பட்ட காணியில் கடையைப் புதுப்பிக்க நினைக்கும் முதலாளிக்கு முதலில் தோன்றுவது, முகப்பை இன்னும் இரண்டடி முன்னே கொண்டுபோவது. அடுத்தது, மேல்மாடி யன்னல்களை மறைத்து ஒரு பெரிய பெயர்ப்பலகை. பாஸ்மாருக்கும் அது சுலபமான வேலை. இரண்டும் முடிந்தால் கடை புதிதாகிவிடும்; வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இருந்த தாழ்வாரம் காணாமல் போய்விடும்.

மேல்மாடி யன்னலுக்குக் கண்டியில் ஒரு தனி விலையும் உண்டு. எசல பெரஹரா காலத்தில் ஊர்வலப் பாதையிலுள்ள கடைகளின் முன்புறமும் மாடி விறாந்தைகளும் பார்வையாளர் இருக்கைகளாகிவிடும்; இருக்கைக்குக் காசும் வாங்குவார்கள். யானை போகும் தெருவைப் பார்த்த யன்னலைத் தகடு அடித்து மூடியவர், வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்த வருமானத்தையும் சேர்த்தே மூடிவிடுகிறார்.

பழைய தெருவுக்குள் பெரிய கடைத்தொகுதி கட்டினால் எப்படியிருக்கும் என்பதற்கு இந்த நகரத்தின் விடை, தலதா வீதியிலுள்ள கண்டி சிற்றி சென்டர். அந்தப் பல மாடிக் கட்டடத்துக்குக் கண்டியக் கூரையின் சாயல் கொடுத்திருக்கிறார்கள். வெறும் கண்ணாடிப் பெட்டியாக விட்டுவிடாமல் அந்த அளவுக்கு யோசித்ததைப் பாராட்டத்தான் வேண்டும். நகரும் படிகளும் உணவுக்கூடமும் வங்கிகளும் வாகனத் தரிப்பிடமும் ஒரே இடத்தில் கிடைப்பது பிள்ளைகுட்டியோடு வரும் குடும்பங்களுக்குப் பெரிய வசதி. ஆனாலும் அங்கே வியாபாரம் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. கண்டியக் கூரை எதற்காக உண்டானது என்பதற்கு அரச மாளிகை வளவிலுள்ள மகுல் மடுவ சாட்சி. 1815 மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான அந்த மண்டபத்தில் செதுக்கிய மரத்தூண்கள் உண்டு, சுவர்கள் இல்லை. மேலே செங்குத்தாக இறங்கி, கீழே சாய்வு தளர்ந்து விரியும் கூரை மழையை விலக்கிக் காற்றை உள்ளே விடுகிறது. சுவர் எழுப்பிக் குளிரூட்டிய கட்டடத்தின் தலையில் அதே கூரை அலங்காரமாகத்தான் இருக்க முடியும்.

இந்த வேறுபாட்டை வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தவர் கண்டியிலேயே இருந்தார். 1918இல் பிறந்த மினெட் டி சில்வா, 1948இல் பிரித்தானியக் கட்டடக்கலைஞர் அரச நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். ஊரின் கைவினையையும் காலநிலையையும் நவீனக் கட்டுமானத்தோடு சேர்ப்பதே அவர் வழி. 1950களில் கண்டி வட்டபுளுவவில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்திட்டம் அமைத்தபோது, பல இனத்தவரான அந்தக் குடும்பங்களிடம் எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படி வாழ்கிறீர்கள் என்று கேள்விக்கொத்து கொடுத்து விசாரித்த பிறகே வீடுகளை வரைந்தார். 1882இல் தொடங்கிய கண்டிக் கலைச் சங்கத்துக்கு 1980களில் அவர் அமைத்த நூற்றாண்டு நிலையம், கைவினைப் பொருள் விற்கும் இடமும் ஆடலரங்கும் சேர்ந்தது.

வீட்டுக்காரரிடம் கேட்ட கேள்விகளைக் கடைக்காரரிடமும் கேட்கலாமே. லொறி எங்கே நிற்கும்? அரிசி மூட்டை எந்த வழியால் இறங்கும்? கடையில் நிற்கும் பிள்ளைகள் எங்கே சாப்பிடுவார்கள்? மழைத் தண்ணீர் எங்கே போகும்? முகப்புக்கு வர்ணம் தெரிவதற்கு முன் இவற்றுக்கு விடை வேண்டும்.

மாநகர சபையின் மத்திய சந்தை இந்த விடயத்தில் பழைய பாடம். கீழே மரக்கறி, பழம். மேலே உடுப்பும் உல்லாசப் பயணிகளுக்கான பொருட்களும். நடுவில் வெளிச்சமும் காற்றும் வர ஒரு திறந்த முற்றம். அருகே நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தை வரைந்தவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தை அமைத்த ஷேர்லி டி அல்விஸ்; 1950இல் திறந்தார்கள். சந்திப்பில் வழிசொல்வதற்கு இன்னும் அதுதான் அடையாளம்.

கடையின் முகப்பைப் போல அதன் முதுகும் முக்கியம் என்பதை அக்குறணை நன்றாக அறியும். ஏ9 வீதியோரமாக நீண்டு கிடக்கும் அந்தக் கடைத்தெருவின் பின்னால் பிங்கா ஓயா ஓடுகிறது. ஓயாவின் கரையை நெருக்கிக் கட்டடங்கள் எழும்ப, அடைமழைக்குத் தண்ணீர் கடைகளுக்குள் புகுவது வழமையாகிவிட்டது. கண்டி நகரிலும் வாவியிலிருந்து புறப்பட்டு கெட்டம்பேயில் மகாவலியைச் சேரும் மெத எல, கட்டடங்களின் முதுகுப்புறமாக அழுக்கைச் சுமந்து போகிறது. இந்தக் கரைகளில் கடை கட்டுபவர் வரைபடத்தில் பின்சுவரையும் முகப்பளவு கவனத்தோடு போட்டாக வேண்டும்.

அடுத்த சோதனை போகம்பறையில் வரும். 1876இல் கட்டிய சிறைச்சாலையிலிருந்து 2014இல் கைதிகளைப் பல்லேகலைக்கு மாற்றினார்கள். அதன் பிறகு அந்த வளவைப் பற்றிப் பேசாத திட்டமில்லை. சந்தையிலிருந்து நடந்து போகும் தூரம், பெரிய முற்றம், உயர்ந்த மதில். அங்கே கடைகள் வருமானால், மதிலின் எந்தப் பக்கத்தைப் பார்த்து அவற்றின் கதவுகள் திறக்கும், சந்தைக்கு வரும் சனம் ஊடாக நடந்துபோக வழி இருக்குமா என்பதைக் கூரையின் வடிவத்தைத் தீர்மானிக்கும் முன்பே மாநகர சபை நகரத்தவரிடம் கேட்க வேண்டும். வட்டபுளுவவில் கொடுத்தது போல ஒரு கேள்விக்கொத்து அச்சடிக்கப் பெரிய செலவாகாது.