தேய்ந்த டயர் சொல்லும் சேதி

டயர் மாற்றும்போது பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்வி: "என்ன விலை?" பழைய டயர் ஏன் தேய்ந்தது என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் புதிய டயர் போட்டால், அதுவும் பழையது போன வழியிலேயே போகும். பணமும் கூடவே போகும்.

லோரி, பேருந்து போன்ற வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை நிலையத்துக்குப் போயாக வேண்டும். நம் சொந்தக் கார் அப்படியல்ல. பெயர் மாற்றம் போன்ற காரணம் இருந்தால் மட்டுமே புஸ்பகோம் பக்கம் போகிறோம். ரோட்டெக்ஸும் காப்புறுதியும் புதுப்பிக்கும்போது டயரை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே அதைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

கிள்ளானிலிருந்து காப்பார் வழியாகக் கோலசிலாங்கூர் போகும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் கனரக லோரிகள், இன்னொரு பக்கம் ஒட்டுப்போட்ட சாலை, மாலையானால் இடியோடு மழை. அந்தச் சாலைக்கும் உங்கள் குடும்பத்துக்கும் நடுவே இருப்பது நான்கு டயர்கள். ஒவ்வொன்றும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவுதான்.

எங்கே தேய்ந்திருக்கிறது?

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி வைத்துவிட்டு, முன் டயரைக் குனிந்து பாருங்கள்.

இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உட்புற ஓரம் அல்லது வெளிப்புற ஓரம் மட்டும் வழுவழுவென்று ஆகியிருந்தால் அலாய்ன்மெண்ட் விலகியிருக்கிறது. பெரிய குழியில் பலமாக இறங்கினாலே இது நேரும். உட்புறத் தேய்மானம்தான் ஆபத்தானது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதுபோல் தெரியும், உள்ளே கம்பி எட்டிப் பார்க்கும்.

கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் அப்சோர்பர் தளர்ந்திருக்கலாம், அல்லது பாலன்சிங் சரியில்லை. இந்த நிலையில் டயரை மட்டும் மாற்றுவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுப் பாயை மாற்றுவது போன்றது.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது?

மலாய் மொழியில் டயரின் வெட்டுகளுக்குப் பூ என்றே பெயர். அந்தப் பூவின் வேலை அழகு அல்ல, மழைநீரை வெளியேற்றுவது. புதிய டயரில் அதன் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். வெட்டுகளுக்கு உள்ளே ஆங்காங்கே குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. அதற்கு மேலும் ஓட்டினால் அது ‘போத்தாக்’ டயர்தான்.

நம் ஊர் மழைக்கு அதுவரை காத்திருப்பதும் தாமதமே. ஆழம் 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள் என்பதே துறை சார்ந்தவர்கள் பலரின் அறிவுரை. நீர் வெளியேற வழியில்லாதபோது டயர் தரையை விட்டுத் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் பிரேக்கும் கேட்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது. காற்று குறைந்த டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும்.

வயதும் முக்கியம்

பூ நிறைய இருந்தாலும் டயர் கிழடாகலாம். வெயிலும் காற்றும் ரப்பரை என்ன செய்யும் என்பது தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் பெரியவர்களுக்குத் தெரியும். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2321 என்றிருந்தால் அது 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது பட்டறையில் காட்டுங்கள். பத்து ஆண்டானால் பூ இருந்தாலும் வேண்டாம். பக்கவாட்டில் வெடிப்போ வீக்கமோ தெரிந்தால் வயதைக் கணக்கிடத் தேவையில்லை, உடனே மாற்றிவிடுங்கள்.

பழைய டயர் வாங்குகிறவர்கள் இந்த நான்கு எண்களைப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது. கறுப்புச் சாயம் பூசிப் பளபளப்பாக்கிய டயரும் இந்த எண்ணில் பொய் சொல்லாது. உள்புறத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பக்கச் சுவரில் ஒட்டுப்போட்டது தெரிந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

புதியது வாங்கும்போது

டயரில் 185/55 ஆர்15 82வி என்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 விழுக்காடு. ஆர் என்பது ரேடியல் வகை. ரிம் 15 அங்குலம். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ வரை தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி. அவ்வளவு வேகம் நமக்குத் தேவையில்லைதான். ஆனாலும் கார் நிறுவனம் குறிப்பிட்டதைவிடக் குறைந்த சுமை எண்ணை ஒருபோதும் ஏற்காதீர்கள். பெருநாளுக்கு ஐந்து பேரும் பெட்டிகளுமாகக் கிளம்பும்போதுதான் அதன் அருமை தெரியும்.

நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற எல்லார் வீட்டு வரவு செலவும் இடம் கொடுக்காது. இரண்டுதான் முடியும் என்றால் புதியவை எங்கே போக வேண்டும்? நம்மிடம் உள்ள சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. முன் டயர்தான் சீக்கிரம் தேயும். அதனால் புதியதை முன்னே போடுவதே சரி என்று தோன்றும். சரியான இடம் பின்பக்கம்.

காரணம் எளிது. ஈரச் சாலையில் முன் டயர் பிடி இழந்தால் கார் திரும்ப மறுத்து நேராகப் போகும். மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்ப வரும். பின் டயர் பிடி இழந்தால் கார் சுழன்றுவிடும். அதைத் திருத்தச் சாதாரண ஓட்டுநருக்கு நேரமே இருக்காது. ஆகவே பின்னால் இருக்கும் நல்ல பழைய டயர்களை முன்னுக்கு மாற்றிவிட்டு, புதிய இரண்டையும் பின்னால் போடச் சொல்லுங்கள். பட்டறையில் மறுத்துப் பேசினாலும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிறகு மாதம் ஒருமுறை காற்றைப் பாருங்கள். கார் ஓடிச் சூடேறும் முன் பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது. 220 கேபிஏ என்றால் ஏறக்குறைய 32 பிஎஸ்ஐ. நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அடிக்கலாம், தவறில்லை. ஆனால் எண்ணெய் நிலையத்தில் கிடைக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். தவறாமல் பார்ப்பதே டயரைக் காப்பாற்றும்.

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றி, அலாய்ன்மெண்டையும் பார்த்துவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு புதிய டயரின் விலையைவிடக் குறைவுதான். இன்று மாலை வேலை முடிந்து வந்ததும் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். முக்கியமாக முன் டயரின் உட்புற ஓரத்தைத் தடவிப் பாருங்கள்.