செத்த மோட்டார்தான் கடிக்கும்



போன தடவை சாமை அறுப்பு பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த தடவை. இப்போ வேற ஒண்ணு மனசை அரிச்சிக்கிட்டே இருக்கு, அதை முதல்ல இறக்கி வச்சிடறேன்.

எங்க அண்ணன் மகன் கையில மாவுக்கட்டோட ரெண்டு மாசம் கிடந்தான். காரணம் கேட்டா எல்லாரும் "கிணத்து மேட்டுல கால் தவறிட்டான்"னு சொல்றாங்க. உண்மையான காரணம் நான். நான் கத்துக்கொடுத்த ஒரு தப்பான பழக்கம்.

நடந்தது இதுதான். சித்திரை மாசம், கத்திரிச் செடி வாடுது. கிணத்துல இருக்கிற ஒரு எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் பட்டனை அமுக்கினா உம்முன்னு உறுமுது, சுத்த மாட்டேங்குது. இப்படி உறுமினா பெரும்பாலும் கண்டன்சர்தான் போயிருக்கும்னு விவசாயிங்க எல்லாருக்கும் தெரியும். பையன் மெயினை இறக்கிட்டான், டெஸ்டர் வச்சுப் பார்த்தான், விளக்கு எரியல. பெட்டியைத் திறந்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே டெஸ்டர் முனையை கண்டன்சரோட ரெண்டு காலுக்கும் குறுக்கே வச்சான். பட்டாசு வெடிச்ச மாதிரி 'டப்'புன்னு ஒரு சத்தம், கண்ணுக்கு நேரே ஒரு பொறி. பயத்துல பின்னாடி ஒரு அடி வச்சிருக்கான். பின்னாடி மேடை இல்ல. கீழ் படியில போய் விழுந்தான். கரண்ட் அவனை ஒண்ணும் பண்ணல. பயம் தள்ளி விட்டுடுச்சு.

"சித்தப்பா, நீங்க செய்யறப்போ இவ்ளோ சத்தம் வந்ததில்லியே"ன்னு கேட்டான். அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. பதில் தேடி போளூர்ல ஒரு பழைய மெக்கானிக்கிட்ட போனேன். டேப்ரிக்கார்டர், வால்வு ரேடியோ காலத்துல இருந்து தொழில் பண்றவர். அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

கண்டன்சர்னு நாம சொல்றதை ஸ்கூல் புத்தகத்துல மின்தேக்கின்னு போட்டிருக்கும். அதுதான் சரியான பேரு. ஏரி தண்ணியைத் தேக்கற மாதிரி இது கரண்டைத் தேக்கும். மதகு திறந்து தண்ணி போக வழி இருந்தா ஏரி வடியும், வழி இல்லைன்னா அப்படியே நிக்கும். இதுவும் அப்படித்தான்.

நல்லா ஓடற மோட்டாரை நிறுத்தினா ரன் கண்டன்சர்ல இருக்கிற கரண்டு மோட்டாரோட காயில் வழியாவே வடிஞ்சிடும். அதனாலதான் நான் பத்து தடவை டெஸ்டரை வச்சப்போ ஒண்ணும் ஆகல. ஆனா காயில் எரிஞ்சிருந்தாலோ, உள்ள ஒரு ஒயர் அறுந்திருந்தாலோ வடிய வழியே கிடையாது. ஸ்டார்ட் கண்டன்சர் இன்னும் மோசம். மோட்டார் வேகம் எடுத்ததும் அதைத் தனியா கழட்டி விட்டுடுவாங்க, அதனால தேங்கினது தேங்கினபடியே நிக்கலாம். அதோட நம்ம லைன் கரண்டு நொடிக்கு 50 தடவை மேலயும் கீழயும் போய் வருது. நாம நிறுத்தற அந்த நொடியில அது எங்க இருந்துச்சோ அந்த அளவுதான் உள்ள தங்கும். ஒரு நாள் ஒண்ணுமே இருக்காது. இன்னொரு நாள் முழுசா இருக்கும்.

கவனிங்க. ஓடற சாமானை நாம திறக்கறதில்ல, கெட்டுப்போன சாமானைத்தான் திறக்கறோம். கரண்டு வடியாம நிக்கிறதும் கெட்டுப்போன சாமான்லதான். "அதான் செத்துப்போச்சே, இனிமே என்ன பண்ணும்"னு நினைக்கிறோம் பாருங்க, அந்த நினைப்புதான் ஆபத்து. உயிரோட இருக்கிற மோட்டாரை விட செத்த மோட்டார்தான் கடிக்கும்.

டெஸ்டர் ஏன் எரியலன்னும் கேட்டேன். டெஸ்டர் எரியணும்னா கரண்டு நம்ம உடம்பு வழியா பூமிக்குப் போய்த் திரும்பற ஒரு சுத்து வேணும். தனியா நிக்கிற கண்டன்சரோட ஒரு காலை மட்டும் தொட்டா சுத்து முடியாது. உள்ள முன்னூறு வோல்ட் இருந்தாலும் எரியாம உட்கார்ந்திருக்கும். முப்பது வருசமா டெஸ்டரை நம்பி கை வச்ச எனக்கு இதைக் கேட்டப்போ உள்ளங்கை வேர்த்துடுச்சு.

மோட்டாரோட முடியற விஷயம் இல்ல இது. 2006-க்கு அப்புறம் அரசாங்கம் வீடு வீடா 14 இஞ்ச் கலர் டிவி கொடுத்தது. 2011-க்கு அப்புறம் மிக்சி, கிரைண்டர், ஃபேன் வந்தது. எங்க மலையிலயும் வந்து சேர்ந்தது. அந்த டிவிங்க இன்னிக்குப் பல வீட்டுப் பரண்ல கிடக்கு. பசங்க அதை இறக்கி செம்புக்காகவும், ரிப்பேர் பழகவும் பிரிக்கிறாங்க. பழகட்டும், தப்பில்ல. ஆனா அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும்.

நம்ம 230 வோல்ட் கரண்டு டிவிக்குள்ள போய் டிசியா மாறினதும் கிட்டத்தட்ட 325 வோல்ட் ஆகுது. அது ஒரு உருண்டை கண்டன்சர்ல தேங்கும், 100 இல்லைன்னா 220 மைக்ரோஃபாரட், 400 வோல்ட்னு மேல எழுதியிருக்கும். 220 கண்டன்சர் முழுசா நிறைஞ்சிருந்தா அதுல இருக்கிற சக்தி, ஒரு கிலோ எடைக்கல் நாலடி உயரத்துல இருந்து விழற அளவு. கால்ல விழுந்தா நசுங்கும். அதே சக்தி கை வழியா நெஞ்சுக்குப் போனா? இங்கயும் அதே கதைதான். ஓடற டிவியை நிறுத்தினா வடிஞ்சிடும். பவர் சப்ளை செத்த டிவியில நிக்கும்.

படக்குழாய் இன்னொரு தனிப் பூதம். கலர் குழாய்க்கு இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல போகும். 1745, 46 வாக்குல ஐரோப்பாவுல ஒரு கண்ணாடிக் குடுவையில கரண்டைத் தேக்கிப் பார்த்தாங்களாம், லைடன் ஜாடின்னு பேரு. அதைக் கண்டுபிடிச்சவங்க முதல்ல வாங்கினது ஷாக்தான். டிவி குழாயும் அதே மாதிரி ஒரு கண்ணாடி ஜாடிதான். உள்பக்கமும் வெளிப்பக்கமும் கரண்டு கடத்தற பூச்சு இருக்கு, நடுவுல கண்ணாடி. அதுல நாள் கணக்கா கரண்டு நிக்கலாம். ஒரு தடவை இறக்கினாலும் கொஞ்ச நேரத்துல மறுபடி கொஞ்சம் ஊறி வரும், தோண்டின ஊத்துல தண்ணி ஊறற மாதிரி. அதனால படக்குழாயை மட்டும் வீட்டுல தொடாதீங்க. தொழில் தெரிஞ்சவங்க கையில விட்டுடுங்க.

மத்ததுக்கு என்ன வழி? பெரியவர் காட்டின கருவி ஒரு குண்டு பல்பு. ஹோல்டர்ல ரெண்டு ஒயர், ஒயர் முனையில பிளாஸ்டிக் உறை போட்ட முதலை வாய் கிளிப். அவ்வளவுதான். முறையைச் சொல்றேன்.

முதல்ல மெயினை இறக்கி, பீஸ் கட்டையைப் பிடுங்கி உங்க சட்டைப் பையில போட்டுக்கோங்க. வேற யாரும் மெயினைப் போட முடியாது. டிவி, ஃபேனா இருந்தா பிளக்கையே பிடுங்கிடுங்க. அஞ்சு நிமிசம் விடுங்க, ஆனா அந்த அஞ்சு நிமிசத்தை மட்டும் நம்பாதீங்க. காஞ்ச செருப்பு, காஞ்ச பலகை மேல நில்லுங்க. ஒரு கை முதுகுக்குப் பின்னால இருக்கட்டும். இன்னொரு கையால ஒரு கிளிப்பை ஒரு காலுக்கும், அடுத்த கிளிப்பை அடுத்த காலுக்கும் மாட்டுங்க. தேக்கம் இருந்தா பல்பு ஒரு தடவை மின்னிட்டு அணையும். மின்னினாலும் மின்னலைன்னாலும் பத்து எண்ணுங்க. அப்புறம் மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சுப் பாருங்க. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல வந்தப்புறம்தான் கை.

மூணு விஷயம் முக்கியம். ஒண்ணு, பல்பு எரியுதான்னு முன்னாடியே லைன்ல போட்டுப் பார்த்துக்கணும். பீஸ் போன பல்பு ஒண்ணையும் இறக்காது. ரெண்டு, எல்இடி பல்பு இதுக்கு ஆகாது. உள்ள இழை கிடையாது, அதுக்குள்ளயே ஒரு கண்டன்சர் இருக்கு, பாதி தேக்கத்தை அப்படியே விட்டுடும். குண்டு பல்பு கிடைக்கலைன்னா 2 கிலோ ஓம், 10 வாட்ஸ் வெள்ளைக் கட்டி ரெசிஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கும், அதுல ஒயர் வச்சு இன்சுலேஷன் டேப் சுத்திக்கோங்க. மூணு, த்ரீ பேஸ் மோட்டாரை ரெண்டு பேஸ்ல ஓட்ட சிலர் பெரிய கண்டன்சர் பெட்டி மாட்டியிருக்காங்க. அதுல தேங்கற வோல்ட் ஐநூத்துக்கும் மேல. ஒரே பல்பு வச்சா இழை அறுந்துடும். ஒரே வாட்ஸ்ல ரெண்டு பல்பை வரிசையா சேர்த்துதான் வைக்கணும்.

"இருபது வருசமா டெஸ்டரை வச்சே இறக்கறேன், எனக்கு ஒண்ணும் ஆகல"ன்னு சொல்ற அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. நானும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன். அந்தச் சத்தத்துல ஒரு வீரம் இருக்கு, பசங்க முன்னாடி செஞ்சா பெருமையா இருக்கும். ஆனா ஒரே நொடியில மொத்தமும் பாயறப்போ டெஸ்டர் முனை உருகித் தெறிக்கும், கண்ணுல படலாம். நல்ல கண்டன்சரும் கெட்டுப்போகும். நமக்கு ஒண்ணும் ஆகாம இருந்தது திறமை இல்ல, அன்னிக்குத் தேக்கம் இல்லாம இருந்தது. நம்மைப் பார்த்துக் கத்துக்கிறவனுக்கும் அப்படியே இருக்கும்னு யார் உத்தரவாதம் கொடுக்கிறது?

"தெரியாதவன் ஏன் தொடணும், மெக்கானிக்கைக் கூப்பிடு"ன்னு டவுன்ல இருந்து சொல்றது சுலபம். ஜமுனாமரத்தூர் தாண்டி உள்ள இருக்கிற ஊருக்கு மெக்கானிக் ஏறி வர ஒரு நாள், சாமான் வாங்க இறங்கிப் போக ஒரு நாள். செடி ரெண்டு நாள் காத்திருக்காது. நாங்க திறக்கத்தான் செய்வோம். அப்போ திறக்கறவனுக்குச் சரியாச் சொல்லித்தர்றதுதானே ஞாயம்?

எனக்கு ரெண்டு ஆசை. ஒண்ணு, மின்தேக்கி பாடம் நடத்தற வாத்தியார் ஒரு குண்டு பல்பைக் கையில வச்சு நடத்தட்டும். மார்க்குக்குப் படிச்சது மறந்துடும், மின்னி அணைஞ்ச பல்பு மறக்காது. ரெண்டு, மோட்டார் பெட்டி விக்கிறவங்க ரெண்டு காலுக்கும் குறுக்கே வடிகால் ரெசிஸ்டர் வச்ச கண்டன்சரையே மாட்டிக் கொடுக்கட்டும். அப்படி வர்ற கண்டன்சர் இருக்கு, விலையில பெரிய வித்தியாசம் இல்ல. வாங்கற நாமளும் கேட்டு வாங்கணும். அது இருந்தாலும் பல்பு வச்சுப் பார்க்கிறதை விடக்கூடாது, ரெசிஸ்டரும் கெட்டுப்போகற சாமான்தான்.

இப்போ எங்க கிணத்து மோட்டார் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு ஆணி அடிச்சு அந்தப் பல்பைத் தொங்க விட்டிருக்கேன். மாவுக்கட்டு பிரிச்சப்புறம் பையனைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினேன். "நான் முன்னாடி சொல்லிக்கொடுத்தது தப்புடா, இதுதான் சரி"ன்னு சொன்னேன். ஐம்பது வயசுக்கு மேல அதைச் சொல்ல கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்தது. அவன் பெருசா ஒண்ணும் சொல்லல. பல்பைக் கழட்டி, வீட்டு ஹோல்டர்ல போட்டு எரியுதான்னு பார்த்துட்டு, மறுபடி கொண்டாந்து ஆணியில மாட்டினான்.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு குண்டு பல்பு கிடக்கும். தூக்கிப் போட்டுடாதீங்க.