நுரைக்குக் கொடுக்கும் காசு

எங்கள் வீட்டுக்காரரின் சட்டை வாரத்தில் ஆறு நாளும் ஒரே வாடையோடுதான் வீட்டுக்கு வரும். சிப்காட்டில் ஒரு சிறிய பட்டறையில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறார். கூலன்ட் தெறித்து வயிற்றுப் பக்கமும் முழங்கைப் பக்கமும் திட்டுத் திட்டாகக் கறை. யூனிஃபார்ம் இரண்டு செட்தான். தினமும் ஒன்றைத் துவைத்தாக வேண்டும். ஜூஜுவாடியில் எங்கள் லைன் வீட்டில் ஐந்து குடும்பத்துக்கு ஒரு துவைக்கும் கல், ஒரு போர் குழாய். இரண்டு ஃபர்லாங் நடந்தால் கர்நாடகம். அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் வாங்கினாலும் இந்தப் பக்கம் ஓசூரில் வாங்கினாலும் சோப்புத்தூள் விலை ஒன்றுதான்.

போன வருடம் வரை மாதம் மூன்று கிலோ தூள் ஓடியது. கிலோ 130 ரூபாய். மூன்று கிலோவுக்கு 390. ஒப்பந்தக் கூலியில் ஓடுகிற வீட்டில் அது ஒரு சிலிண்டரில் பாதிக் காசு. அதனால்தான் வீட்டிலேயே தூள் செய்யலாம் என்று இறங்கினேன். இப்போது பலரும் இறங்குகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் செய்தது ரொம்ப எளிதான முறை: பார் சோப்பைத் துருவி, சலவைச் சோடா கலந்து, டப்பாவில் போட்டு வைப்பது. பத்து நாளில் வெள்ளைத் துண்டெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. சட்டைக் காலரில் மெழுகு மாதிரி பிசுபிசுப்பு. வீட்டுச் சொந்தக்கார அஜ்ஜி பார்த்துவிட்டு, "சோப்பைச் சொல்லாதம்மா, இது கடசு நீரு" என்றார். ஓசூர்ப் பக்கம் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வரும். அவர் சொன்ன கடசு நீரை எங்கள் ஊர்ப் பக்கம் உப்புத் தண்ணி என்போம். விஷயம் இதுதான்: போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் அதிகம். எண்ணெயில் செய்த சோப்பு அந்த இரண்டோடும் சேர்ந்து கரையாத பிசுக்காக மாறித் துணியிலேயே உட்கார்ந்துகொள்ளும். நாம் போட்ட சோப்பில் பாதி அழுக்கை எடுக்கவே போவதில்லை, தண்ணீரோடு மல்லுக்கட்டுவதிலேயே தீர்ந்துவிடும். மழைத்தண்ணீரோ ஆற்றுத்தண்ணீரோ கிடைக்கிற ஊருக்கு அந்த முறை சரி. ஜூஜுவாடிக்குச் சரிவராது.

அஜ்ஜி தன் பட்டுப்புடவைக்கு இன்றைக்கும் பூந்திக்கொட்டைதான். அவர் அதை அண்ட்டுவாளகாய் என்பார், பக்கத்து வீட்டு அக்கா குங்குடுகாய என்பார். பட்டுக்கு அதுதான் சரி, சோடா பட்டால் பட்டு பாழாகும். ஆனால் கட்டிங் ஆயில் கறை பூந்திக்கொட்டைக்கு அசையாது. இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

பிறகு எங்கள் மகளிர் குழுவில் பேசினோம். பன்னிரண்டு பேர். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது 1989-ல் தருமபுரி மாவட்டத்தில். அப்போது ஓசூரும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது, கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். அந்த நாளிலிருந்தே குழு என்றால் ஊறுகாய், பினாயில், சோப்புத்தூள் என்றுதான் பேச்சு. அழுக்கை எடுக்கும் அமிலமான ஆசிட் சிலரியை வாங்கி, சோடாவோடு கலந்து தூளாக்கினோம். இதே வேலையைத்தான் 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தன் வீட்டுப் பின்கட்டில் செய்தார். குஜராத் அரசின் சுரங்கத் துறையில் வேதியியல் வேலை பார்த்தவர். கையால் கலந்து, சைக்கிளில் வைத்து வீடு வீடாக விற்றார். கிலோ மூன்று ரூபாய் அளவில் அவர் விற்றபோது சர்ஃப் விலை அதைப்போல நான்கு மடங்கு. மகள் நிருபமாவின் பெயரிலிருந்து அந்தத் தூளுக்கு நிர்மா என்று பெயர் வைத்தார். தூளை உலர்த்தும் பெரிய கோபுரமும் இயந்திரமும் இல்லாமல் சோப்புத்தூள் செய்யலாம் என்று இந்தியாவுக்கே காட்டிய வேலை அது.

எங்கள் கணக்கு இது. சோடா 6 கிலோ 300 ரூபாய், சிலரி ஒன்றரை கிலோ 225, வாசனைக்கு 40, உப்பு 2 கிலோ 30. ஏறத்தாழ ஒன்பதரை கிலோ தூள், கிலோ 63 ரூபாய். கடையில் மலிவான பாக்கெட் 72 ரூபாய்க்கே கிடைக்கிறது. ஒன்பது ரூபாய் லாபத்துக்காகவா ஒரு நாள் முழுக்க மூக்கைக் கட்டிக்கொண்டு கலந்தோம் என்று குழுவில் கேட்டார்கள். அப்போதுதான் ஒன்று புரிந்தது. அந்த உப்பு அழுக்கை எடுப்பதில்லை. எடைக்காகப் போடுவது. உப்பை விட்டுவிட்டுச் செய்தால் ஏழரை கிலோதான் வரும், விலை கிலோ 75 ஆகும், ஆனால் குறைவாகப் போட்டாலே போதும்.

அன்றைக்கு ஒரு பழைய இருமல் மருந்து அளவுக் கரண்டியைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். அதுவரை கை நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன், நுரை வழிந்தால்தான் மனசு ஆறும். வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, கறை பட்ட இடத்தில் மட்டும் பார் சோப்பு தேய்த்து, பக்கெட்டுக்குக் கரண்டியால் அளந்த தூள். மார்கழிப் பனியில் ஓசூரில் சோடா பச்சைத் தண்ணீரில் சரியாகக் கரையாமல் கட்டி கட்டியாக அடியில் நிற்கும், அதற்கும் வெந்நீர்தான் வழி. மாதம் மூன்று கிலோ போன இடத்தில் ஒன்றேகால் கிலோ போகிறது. அதே 130 ரூபாய்ப் பாக்கெட்டை வாங்கினாலும் இப்போது செலவு 163 ரூபாய்தான். வீட்டுத் தூளானால் 94. 227 ரூபாயை மிச்சம் பிடித்தது அந்தக் கரண்டி. தூள் செய்ததில் மிச்சம் 69 ரூபாய். வீட்டில் தூள் செய்ய நினைக்கும் ஒவ்வொரு பெண்ணிடமும் நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான். எண்ணி நான்கு வாரம் கரண்டியால் அளந்து பாருங்கள், பிறகு சிலரி வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.

ஏனென்றால் சிலரி விளையாட்டுச் சாமான் இல்லை. கெட்டியான, கரும்பழுப்பான அமிலம். எங்கள் குழுவில் ஒருவருக்கு மணிக்கட்டில் தோல் வெந்துபோனது, இன்னும் தழும்பு இருக்கிறது. அதை ஒரு கடையில் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். லேபிளும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஒரே அறையில் சமைத்து, ஒரே அறையில் பிள்ளைகள் படுக்கும் வீட்டில் அந்தப் பாட்டில் எங்கே இருக்கும்? வீட்டில் செய்தது என்றால் இயற்கையானது என்று நினைத்துக்கொள்வதும் தவறு. அந்த வார்த்தை உண்மையில் பொருந்துவது பழைய முறைக்குத்தான். சலவைத் தொழில் செய்தவர்கள் உவர்மண் எடுத்து வெள்ளாவி வைத்தார்கள், அந்த மண்ணில் இருந்ததும் சோடாவே. சிலரிக்கு மூலமான எண்ணெயோ மணலியில் பெட்ரோலியத்திலிருந்து வருவது.

போகிற இடத்தையும் பார்க்க வேண்டும். 2015-ல் பெங்களூரு பெல்லந்தூர் ஏரியின் நுரை ரோட்டுக்கே பறந்து வந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அந்த ஏரித் தண்ணீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, எங்களுக்கு மிக அருகில் உள்ள கெலவரப்பள்ளி அணைக்குத்தான் வருகிறது. அணை திறக்கும்போது ஆற்றில் ஆளுயர நுரை. அந்தத் தண்ணீரில்தான் கீழே விவசாயம் நடக்கிறது. அது அவர்கள் ஊர் நுரை என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். எங்கள் துவைகல் தண்ணீரும் திறந்த சாக்கடையில்தான் ஓடுகிறது. வீட்டுத் தூளிலும் சிலரி இருக்கிறது, அதுவும் நுரைக்கத்தான் செய்யும். குறைவாகப் போடுவது ஒன்றுதான் என் கையில் இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையம் அரசின் கையில் இருக்கிறது. ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, ஜூஜுவாடிச் சாக்கடை இன்னும் மூடப்படவில்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். நான் வாங்கும் பாக்கெட்டுகளில் அழுக்கை எடுக்கும் பொருள் எத்தனை சதவீதம், வெறும் எடைக்குப் போட்டது எத்தனை என்று எழுதி நான் பார்த்ததில்லை. பிஸ்கட் பாக்கெட்டில் சர்க்கரை எவ்வளவு என்று இருக்கிறது, இதிலும் இருக்கட்டும். சிலரியைச் சில்லறையில் பாட்டிலில் விற்பதை நிறுத்தட்டும். தூள் செய்ய விரும்பும் மகளிர் குழுக்களுக்கு, சோடாவோடு சேர்த்து அமிலத்தை ஏற்கெனவே முறித்த கலவையாக மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்து கொடுக்கட்டும். கையுறையும் கண்ணாடியும் கொடுத்து ஒரு நாள் பயிற்சியும் தரட்டும். பன்னிரண்டு பேர் ஒரு கொட்டகையில் செய்கிற வேலையைப் பன்னிரண்டு சமையலறைகளில் செய்ய வேண்டியதில்லை.

வீட்டுக்காரரின் கிழிந்த யூனிஃபார்ம் ஒன்றை மூன்று துண்டாக வெட்டி வைத்திருக்கிறேன். மூன்றிலும் ஒரே கூலன்ட் கறை. ஒன்றை 130 ரூபாய்த் தூளிலும், ஒன்றை 72 ரூபாய்த் தூளிலும், ஒன்றை எங்கள் தூளிலும், ஒரே கரண்டி, ஒரே போர் தண்ணீர் என்று வரும் ஞாயிற்றுக்கிழமை துவைக்கப்போகிறேன். காய்ந்ததும் எது எது என்று சொல்லாமல் குழுக் கூட்டத்தில் விரித்து வைப்பேன்.