பதினோராவது பழுது

ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு எந்த இதழ்க் கட்டுரை செல்லும் என்று சொல்லிவந்த 'கேர்' ஆய்விதழ்ப் பட்டியலை, 2025 பிப்ரவரியில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கைகழுவியது. எது தரமான ஆய்விதழ், எது போலி என்பதை இனி அந்தந்தப் பல்கலைக்கழகமும் கல்லூரியுமே முடிவு செய்துகொள்ளலாமாம். அதிகாரம் பரவலாகிறது என்று சிலர் பூரிக்கிறார்கள். பரவலாக்கியதன் லட்சணத்தைத்தான் ஏற்கெனவே பார்த்தோமே! யுஜிசியின் பழைய பட்டியலில் பல்கலைக்கழகங்களின் சிபாரிசில் ஏறியவற்றில் 1,009 இதழ்களைப் பூஷண் பட்வர்தன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சோதித்தார்கள். தேறியவை 112. இது 2018-இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழிலேயே வந்த கணக்கு. பனியன் கம்பெனியில் இப்படி ஒரு கணக்கு வந்தால் பையர் மறு ஆர்டர் கொடுப்பாரா?

அறிவியல் என்றால் கொட்டாவி விடுகிற திருப்பூர்க்காரர்கூட இன்ஸ்பெக்‌ஷன் என்றால் நிமிர்ந்து உட்காருவார். பத்தாயிரம் டி-ஷர்ட் பேக்கிங் முடிந்து நிற்கிறது என்று வையுங்கள். எந்தப் பெட்டியைப் பிரிப்பது என்பதை வந்திருக்கும் தர ஆய்வாளர், அதாவது க்யூசிதான் சொல்வார். நாம் நல்ல பெட்டியாகப் பார்த்து எடுத்துத் தர முடியாது. ஏற்கத்தக்க தர வரம்பு (ஏக்யூஎல்) 2.5 என்றால் இந்த லாட்டுக்கு 200 பீஸ். மேஜையில் விரித்து, டேப் வைத்து அளந்து, தோள் தையலை இழுத்து, கழுத்து ரிப்பை நீட்டிப் பார்ப்பார். பெரிய பழுது பத்து வரை பாஸ். பதினோராவதாக ஓர் ஊசி ஓட்டை கண்ணில் பட்டால் மொத்த லாட்டும் மறுபடி செக்கிங்குக்குத் திரும்பும். பாஸான லாட்டில் பழுதே கிடையாது என்று எந்த க்யூசியும் சத்தியம் செய்ய மாட்டார். ஆனாலும் அந்தக் கையெழுத்து விழாமல் கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பாது.

ஆய்விதழ்கள் செய்யும் சகமதிப்பாய்வும் இதே காரியம்தான். வந்த கட்டுரையை இதழாசிரியர் அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். பெரும்பாலும் கூலியில்லாத வேலை. செய்முறை சரியா, கணக்கு நிற்கிறதா, கிடைத்த தரவுக்கு மேல் வாய் நீள்கிறதா என்று பார்த்து, 'திருத்து' அல்லது 'தள்ளு' என்பார்கள். சோதனையை அவர்கள் திரும்பச் செய்து பார்ப்பதில்லை. அந்தச் சந்தில்தான் 2020 மே 22 அன்று 'லான்செட்' மருத்துவ இதழில், கொரோனாவுக்குக் கொடுத்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றிய கட்டுரை நுழைந்தது. மூலத் தரவைக் கேட்டதும் அதை வைத்திருந்த நிறுவனம் கைவிரித்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஜனவரிக் கடைசியில், கொரோனா வைரஸில் எச்ஐவியின் கூறுகள் இருப்பதாக டெல்லி ஆய்வாளர்கள் சிலர் எழுதியது, எந்த மதிப்பாய்வும் காணாத முன்வரைவு. இரண்டு மூன்று நாளில் அவர்களே அதை வாபஸ் வாங்கினார்கள். வாட்ஸ்அப்பில் வதந்தி வாபஸாகவில்லை.

மதிப்பாய்வு கண்டதற்கும் காணாததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லித்தர ஆளில்லை. ஜர்னலில் வந்துவிட்டது என்றால் ஒரு கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. எல்லாம் காசுக்கு எழுதுவது என்று இன்னொரு கூட்டம் சிரிக்கிறது. சிரிப்பவர்களுக்குத் தீனி போடுவது காசு வாங்கி அச்சிடும் கடைகள். 2013-இல் வேண்டுமென்றே பிழைகளை நட்டு எழுதிய ஒரு போலிப் புற்றுநோய் மருந்துக் கட்டுரையைக் கட்டணம் வாங்கும் 304 இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார் அறிவியல் பத்திரிகையாளர் ஜான் போஹானன்; 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. மதிப்பாய்வே வெறும் சடங்கு, அதை ஒழித்துவிடலாம் என்னும் பேராசிரியர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. செக்கிங் வேண்டாம் என்கிறவரின் சரக்கில் என்ன இருக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

இது வாத்தியார்களின் பதவி உயர்வுத் தகராறு மட்டுமல்ல. நொய்யல் ஆற்று மாசுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் திருப்பூர். கிணற்று நீரின் உப்பைப் பற்றி, சுத்திகரிப்புத் தொழில்நுட்பத்தைப் பற்றி, கிருமி அண்டாத துணியைப் பற்றி யாரோ ஒருவர் 'ஆய்வில் நிரூபணமானது' என்று தாளை நீட்டும்போது, அதை யார் சோதித்தது, என்ன குறை சொன்னார்கள் என்று கேட்க விவசாயிக்கும் முதலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்டால் காட்ட வழியும் இருக்கிறது. 2025 ஜூன் முதல் 'நேச்சர்' தனக்குப் புதிதாக வரும் ஆய்வுகளை வெளியிடும்போது மதிப்பாய்வாளர் அறிக்கைகளையும் சேர்த்தே வெளியிடுவதாக அறிவித்துவிட்டது. நம் யுஜிசிக்கு என்ன தடை? மதிப்பாய்வு அறிக்கையை ஊரறிய வைக்காத எந்த இதழின் கட்டுரைக்கும் பதவி உயர்வில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது என்று ஒற்றை வரி உத்தரவு போடட்டும். ஓராண்டுக்குள் போலி இதழ்களில் பாதிக்கு மேல் கடையைச் சாத்திவிடும்.