பத்தாயமும் புத்தக அலமாரியும்

தஞ்சை மாவட்டத்துப் பழைய வீடுகளில் மரச்சாமான் என்று தனியாகச் சொல்லத்தக்கவை குறைவு. ஓர் ஊஞ்சல், ஒரு சாய்வு நாற்காலி, வசதியிருந்தால் ஒரு கட்டில். மற்றவையெல்லாம் வீட்டோடு சேர்ந்தே பிறந்தவை. உட்காரத் திண்ணை, விளக்குக்கு மாடம், பண்ட பாத்திரங்களுக்குப் பரண், துணிமணிக்குச் சுவரலமாரி, நெல்லுக்குப் பத்தாயம். ஒன்றரை அடிச் சுவரைக் குடைந்து அலமாரி அமைத்தால் கூடத்தின் தரையில் ஓர் அங்குலம்கூடக் குறையாது. 'பில்ட்-இன்' என்ற பெயரில் இன்று இன்டீரியர் நிறுவனங்கள் விற்பதை நம் கொத்தனாரும் தச்சரும் பெயரேதும் வைக்காமல் செய்துகொண்டிருந்தார்கள்.

பழம்பெருமை பேசுவதற்காக இதைத் தொடங்கவில்லை. அவ்வீடுகளின் அமைப்பில் ஒரு தெளிவு இருந்தது. அதைத்தான் கவனிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. குடும்பம் எதை நம்பி வாழ்ந்ததோ அதற்கு முதலில் இடம் ஒதுக்கப்பட்டது. பத்தாயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆளுயரத்துக்கும் மேலான மரக்களஞ்சியம்; பலகைகளால் ஆன அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி நிற்கும். மேலே நெல்லைக் கொட்டி, அடியிலுள்ள சிறு திறப்பு வழியாக எடுப்பார்கள். முதலில் போட்டது முதலில் வெளியே வரும். அறையை அடைத்துக்கொண்டு நின்றாலும், அடுக்கடுக்காகக் கழற்றி வேறிடத்தில் பூட்டிவிடலாம். அறுவடை நெல் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகத் தொடங்கியபின் பத்தாயங்களுக்கு வேலை போயிற்று. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-இல் தொடங்கப்பட்டது. அதற்குப் பிந்தைய தலைமுறைக்குப் பத்தாயம் பெரும்பாலும் பழைய சாமான் கடையில் காணும் வேடிக்கைப் பொருள்.

ஆனால் அதே வீடுகள் ஏட்டுச் சுவடிகளுக்கு என்ன இடம் கொடுத்தன? பெரும்பாலும் பரணைத்தான். பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855-இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்ததையும், கரையான் தின்ற ஏடுகளைக் கண்டு வருந்தியதையும் இலக்கிய வாசகர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நெல்லை எலியிடமிருந்தும் ஈரத்திலிருந்தும் காக்க அத்தனை நுட்பம் கண்ட நாம், ஏடுகளைக் கண்ணுக்கெட்டாத உயரத்தில் ஏற்றிவிட்டு மறந்துபோனோம்.

அந்தப் பரண் இன்று 'லாஃப்ட்' என்ற பெயரில் அடுக்ககத்துக்கும் வந்திருக்கிறது. தஞ்சையிலும் கும்பகோணத்திலும் வாங்கிய ஃப்ளாட்டைப் புதுப்பிக்க முனைவோரிடம் நீட்டப்படும் வரைபடங்களைப் பாருங்கள். மாடுலர் கிச்சனில் கரண்டிக்கு ஓர் இழுப்பறை, தட்டுக்கு ஓர் இழுப்பறை. படுக்கையறையில் கூரையைத் தொடும் வார்ட்ரோப். கூடத்தில் சுவர் முழுக்க டிவி யூனிட். பூஜைக்கு ஓர் அலமாரி, செருப்புக்கு ஓர் அலமாரி. எதையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் புத்தகத்துக்கு? கேட்டால், டிவிக்குப் பக்கத்தில் இரண்டு தட்டுகள் வரைந்து காட்டுவார்கள். அவற்றிலும் பாதி இடம் பூஜாடிக்கு. முப்பது ஆண்டுகளாக ஒருவர் சேர்த்த நூல்களும் சிற்றிதழ்த் தொகுப்புகளும் அட்டைப்பெட்டிகளில் கட்டப்பட்டு லாஃப்டுக்கு ஏறுகின்றன. அடுத்த முறை அவை இறங்குவது பழைய பேப்பர் கடைக்குப் போகத்தான். மறுபதிப்புக் காணாத எத்தனையோ சிற்றிதழ்கள் தனிமனிதர் வீடுகளில்தான் எஞ்சியிருக்கின்றன என்பதை நினைத்தால், இது ஒரு குடும்பத்தின் உள்விவகாரம் மட்டுமில்லை என்பது விளங்கும்.

இதே காவிரிக் கழிமுகத்தில், சீர்காழியில் 1892-இல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1931-இல் வெளிவந்தது. நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே என்பது முதல் விதி. அதை விளக்கும்போது அவர் மரச்சாமான்களைப் பற்றியும் பேசுகிறார். நூலைப் பூட்டிக் காப்பதே நோக்கமானால் அலமாரி கூரைவரை உயரலாம். படிப்பதே நோக்கமானால், சராசரி உயரமுள்ளவர் தரையில் நின்றபடி எட்டும் உயரத்தோடு அது நின்றுவிட வேண்டும் என்பது அவர் கருத்து. அதே 1931-இல் மன்னார்குடிக்கு அருகிலுள்ள மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நடமாடும் நூலகத்தை ஊர் ஊராக அனுப்பினார். ஒரு மாட்டு வண்டியில் நூல்களுக்கு இடம் கிடைத்த பகுதியில், மூன்று படுக்கையறை ஃப்ளாட்டில் இடம் இல்லை என்பது நம்பும்படியாக இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தடி நீளச் சுவர். ஆறரை அடி உயரம், பத்து அங்குல ஆழம். டெமி, கிரவுன் அளவு நூல்களுக்கு ஏற்பப் பத்து அங்குலத்துக்கு ஒரு தட்டு வைத்தால் ஏழு தட்டுகள்; மொத்தம் எழுபது அடி. தாராளமாக ஆயிரம் நூல்கள் நிற்கும். தரையில் இழப்பது எட்டரைச் சதுர அடிக்கும் குறைவு. துணி தொங்கவிடும் வார்ட்ரோபுக்கு இரண்டடி ஆழம் வேண்டும். புத்தகத்துக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஒரே அளவில் பதினைந்து அங்குல இடைவெளி விட்டுத் தட்டடிக்கும் வழக்கத்தைத் தச்சரிடம் முதலிலேயே மறுத்துவிட வேண்டும். இதழ்களுக்கென ஒரு தட்டை மட்டும் உயரமாக விட்டால் போதும்.

எடையை மறக்கக் கூடாது. டெமி நூல்களே அடிக்கு ஆறேழு கிலோ வரும். அகராதிகளும் பெருந்தொகுப்புகளும் பத்துக் கிலோவைத் தொடும். தாங்கலின்றி நீளும் தட்டின் நீளம் இரட்டித்தால், அதன் தொய்வு பதினாறு மடங்காகும். ஆகவே இரண்டரை அடிக்கு ஒரு நடுப்பலகை கட்டாயம். பார்ட்டிகிள் போர்டு புத்தகப் பாரத்தில் வளையும். ஈரம் பட்டால் ஊதிப் பிளக்கும். ஐப்பசி கார்த்திகை மழையைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பதினெட்டு மில்லிமீட்டர் ப்ளைவுட், இயன்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ளது, நின்று உழைக்கும். குளியலறையை ஒட்டிய சுவரும் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் வேண்டாம். பின்புறம் ஓர் அங்குலமாவது காற்றோட்டம் இருக்கட்டும். மொத்தப் பாரம் அரை டன்னைத் தாண்டும் என்பதால், கீழே உத்திரம் ஓடும் சுவராகப் பார்த்து, பொறியாளரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பழைய வீட்டு நினைப்பில் சுவரைக் குடைய ஆசைப்படக் கூடாது. இன்றைய நாலரை அங்குலச் சுவரில் மாடம் வைக்க முடியாது. தூணும் உத்திரமும் அடுக்ககத்தில் எல்லோருக்கும் பொது.

பூச்சிக்கு? தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, மிளகு, கிராம்பு, பட்டை, கருஞ்சீரகம் ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரத்தோடு சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சுவடிகளுக்கிடையே வைக்கும் வழக்கம் உண்டு. வீட்டிலும் செய்யலாம். ஆயினும் இராமபாணப் பூச்சியின் முதல் எதிரி, அடிக்கடி நூலை எடுத்துப் புரட்டும் கைதான். லாஃப்டில் அது நடக்காது.

சுவரோடு பூட்டிவிட்டால் வீடு மாறும்போது என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்தாயம் செய்த தச்சர்கள் அதற்கு விடை சொல்லிவிட்டார்கள். சுவர் முழுவதையும் ஒரே கூடாக அடிக்காமல், இரண்டரை அடிப் பெட்டிகளாகச் செய்து, அடுக்கி, திருகாணியால் இணைத்துச் சுவரோடு பிடித்துவிடலாம். பார்வைக்குச் சுவரோடு பிறந்ததுபோல் இருக்கும். கழற்றினால் லாரியில் ஏறும்.

எல்லாமே மின்நூலாகிவிட்டதே என்பது இன்னொரு வாதம். மின்நூலை நாமும் வாசிக்கிறோம். ஆனால் பள்ளியிலிருந்து வரும் பிள்ளையின் கண்ணில் தினமும் படுவது திரைக்குள் இருக்கும் கோப்பு அல்ல, கூடத்தில் இருக்கும் முதுகட்டைகளே. எந்த வயதில் எந்த நூலை அது உருவும் என்று யாரும் சொல்ல முடியாது. கை எட்டும் உயரத்தில் நூல் இருக்க வேண்டும் என்பதே அதற்கு நாம் செய்யக்கூடிய ஏற்பாடு.

ஆகவே ஃப்ளாட்டைப் புதுப்பிக்கத் திட்டமிடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தச்சரை அழைக்கும் முன், இருக்கும் நூல்களைத் தரையில் வரிசையாக நிறுத்தி எத்தனை அடி வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அதில் பாதியளவை இனி வாங்கப்போவதற்காகச் சேருங்கள். அந்த எண்ணைச் சொல்லிச் சுவரைத் தேர்ந்தபிறகு டிவியின் அங்குலத்தைப் பேசலாம்.