பினாயில் வாசனை வந்தால் போதுமா? ஆஸ்பத்திரி சுத்தமும் அதைச் செய்பவர்களின் பாதுகாப்பும்

காலை ஆறு மணி ஷிஃப்ட். பல ஆஸ்பத்திரி வார்டுகளில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே மாப், ஒரே பக்கெட். பாதி தூரம் போவதற்குள் தண்ணீர் கறுத்துவிடும். ஆனாலும் பினாயில் வாசனை வந்துவிட்டால், 'வார்டு க்ளீன் ஆயிடுச்சு' என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். உண்மையில் அந்தத் தண்ணீர், முதல் கட்டிலுக்கு அடியில் இருந்த கிருமியைக் கடைசிக் கட்டில் வரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கலாம்.

சுத்தமும் சிகிச்சைதான்

வேறு நோய்க்காக அட்மிட் ஆகி, ஆஸ்பத்திரியிலேயே புதிதாக ஒரு தொற்றை வாங்கிக்கொள்வது அபூர்வமான விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, பணக்கார நாடுகளில் 100 உள்நோயாளிகளில் 7 பேருக்கும், நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில் 15 பேருக்கும் இப்படித் தொற்று வருகிறது. மருந்துக்கு அடங்காத சில பாக்டீரியாக்கள், உலர்ந்த பரப்புகளில்கூட மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். டாக்டர் கையைக் கழுவிவிட்டு வந்தாலும், துடைக்காத கட்டில் கம்பியைத் தொட்டால் கதை முடிந்தது.

அப்படியென்றால், அந்தக் கம்பியைத் துடைப்பவர் செய்வதும் மருத்துவ வேலைதான். ஆனால் அவருக்கு அந்த வேலையை முறையாகச் சொல்லிக்கொடுக்கிறார்களா?

சொல்லித்தர வேண்டியது என்ன?

* வார்டுக்குள் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. தூசியோடு கிருமியும் காற்றில் கிளம்பும். ஈரத் துடைப்புதான் சரி.
* மூன்று பக்கெட் வேண்டும்: சோப்புத் தண்ணீருக்கு ஒன்று, மாப்பை அலச ஒன்று, கிருமிநாசினிக்கு ஒன்று.
* சுத்தமான இடத்தில் தொடங்கி அழுக்கான இடத்தில் முடிக்க வேண்டும். கழிவறை கடைசியில், அதற்குத் தனி மாப்.
* தரையில் ரத்தம் சிந்தினால், கையுறை போட்டு, உறிஞ்சும் துணியால் மூடி, 1% சோடியம் ஹைப்போகுளோரைட் ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் விட்டுத்தான் துடைக்க வேண்டும். கடையில் வரும் கரைசல் 5% என்றால், 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர். கைக்கு வந்த அளவு ஊற்றுவது கணக்கு ஆகாது.
* பிளீச்சையும் கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு வெளியாகும். மூடிய பாத்ரூமில் அது மூச்சையே அடைக்கும்.

இதில் எதுவும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. ஆனால் '10 நிமிடம் விடணும்' என்று தெரிந்தவருக்கு அந்த 10 நிமிடம் கிடைக்க வேண்டுமே? இரண்டு வார்டை ஒருவர் தலையில் கட்டி, நடுவில் ஸ்ட்ரெச்சரும் தள்ளச் சொன்னால், எந்தப் பயிற்சியும் காகிதத்தோடு நின்றுவிடும்.

குப்பைப் பையில் ஊசி எப்படி வந்தது?

பயன்படுத்திய ஊசி, குத்தித் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும். அது சாதாரணப் பைக்குள் தானாகப் போய் விழுவதில்லை. யாரோ அவசரத்தில் போட்டிருக்கிறார்கள். அதை வாங்கிக்கொள்வது பையைத் தூக்குபவரின் கை.

பலரும் எச்ஐவியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்ஐவி பரவும் வாய்ப்பு சுமார் 0.3%. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்போ 30% வரை.

குத்திவிட்டால் விரலைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, உடனே சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் 'சொன்னா வேலை போயிடும்' என்ற பயம் இருக்கும் இடத்தில் யார் வாய் திறப்பார்கள்?

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது

மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-ஐப் படித்தால் சந்தேகமே வராது. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி. வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் பயிற்சியும் உடல் பரிசோதனையும். போதுமான பாதுகாப்புச் சாதனங்கள். இந்தப் பொறுப்பு மருத்துவமனையுடையது. சுகாதார ஊழியர்களோடு, கழிவைக் கையாளும் 'மற்றவர்களையும்' விதி சேர்த்தே சொல்கிறது. 'அவங்க கான்ட்ராக்ட் ஆளுங்க, ஏஜென்சியைக் கேளுங்க' என்று கைகழுவ முடியாது.

நடப்பது அதுதான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 6 மாதத்தில் 3 டோஸ். அதற்குள் ஆள் மாறினால், ஏஜென்சி மாறினால், மீதி டோஸை யார் நினைவு வைத்திருப்பார்கள்?

'கையுறை கொடுத்தாலும் போடறதில்ல' என்பது நிர்வாகங்களின் வழக்கமான பதில். எந்தக் கையுறை என்று பார்க்க வேண்டும். நோயாளியைப் பரிசோதிக்கப் போடும் மெல்லிய கையுறை, கழிவுப் பை தூக்கினால் கிழிந்துவிடும். தேவைப்படுவது கனமான ரப்பர் கையுறை, அதுவும் பெண்களின் கைக்குப் பொருந்தும் அளவில்.

செய்ய வேண்டியது

தடுப்பூசி அட்டையையும் பயிற்சிப் பதிவையும் ஏஜென்சியிடம் விடாமல் மருத்துவமனையே வைத்திருக்கட்டும். தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுக் கூட்டத்தில் தூய்மைப் பணியாளர் ஒருவருக்கும் நாற்காலி போடட்டும். ஊசி குத்தியதைச் சொன்னவருக்குத் திட்டு விழக் கூடாது. ஊசி பைக்குள் எப்படி வந்தது என்றுதான் விசாரிக்க வேண்டும்.

2020-ல் மத்திய அரசு அறிவித்த ரூ.50 லட்சம் கொரோனா காப்பீட்டில் டாக்டர், நர்ஸ்களோடு மருத்துவமனைத் தூய்மைப் பணியாளர்களும் இருந்தார்கள். உயிர் போனால் இழப்பீடு தர வேண்டியவர்கள் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, உயிரோடு இருக்கும்போது 3 டோஸ் ஊசியும் ஒரு ஜோடி நல்ல கையுறையும் தருவதில் என்ன தயக்கம்?

அடுத்த முறை யாரையாவது பார்க்க வார்டுக்குப் போனால், பினாயில் வாசனை வருதான்னு மட்டும் பார்க்காதீங்க. மாப் பிடித்திருக்கும் அக்காவின் கையில் கையுறை இருக்கான்னு பாருங்க. இல்லையென்றால் நிர்வாகத்திடம் கேளுங்க. அது அவருக்காக மட்டும் கேட்கும் கேள்வி இல்லை, உங்க வீட்டு நோயாளிக்காகவும்தான்.